தானே கியர் மாற்றும் துவிச்சக்கரவண்டி: ஒரு வரலாற்று நோக்கு

நம் பழைய நூல்கள் இருவகை ஊர்திகளைக் காட்டுகின்றன. ஒன்று, குபேரனிடமிருந்து இராவணன் கவர்ந்துகொண்ட புட்பக விமானம். ஏறியிருப்பவன் எதனை நினைக்கின்றானோ அதன்படி அது செல்லும். செலுத்தும் முறையை அவன் கற்கவேண்டுவதில்லை. மற்றது, சீவகசிந்தாமணியிலே சச்சந்தன் தன் தேவியாகிய விசயைக்கென்று செய்வித்த மயிற்பொறி. அது வலப்புறம் திருகினால் எழும்பும். இடப்புறம் திருகினால் இறங்கும். அதனைச் செலுத்துதற்கு அரசி முன்னரே பயிற்சி பெற்றாள். முன்னது ஓட்டுபவரைத் தான் அறிந்துகொள்ளும் ஊர்தி. பின்னது ஓட்டுபவர் அறிந்துகொள்ளவேண்டிய ஊர்தி. மனிதன் படைத்த பொறிகளின் வரலாறு, பெரும்பாலும், மயிற்பொறியிலிருந்து புட்பகத்தை நோக்கிச் செல்லும் ஒரு நெடும் பயணமே எனின் பிழையாகாது.

அப்பயணத்தின் ஒரு சிறு கிளையை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். பந்தயம் ஓடாத, மலைகடந்து செல்லாத, கடைக்கும் கோயிலுக்கும் பாடசாலைக்கும் போய்வருகின்ற சாதாரண மக்களுக்காக, தானே கியர் மாற்றிக்கொள்ளும் எளிய துவிச்சக்கரவண்டி ஒன்றைச் செய்துவிடவேண்டும் என்று மேனாட்டாரும் யப்பானியரும் பல்லாண்டுகளாக முயன்று வந்திருக்கின்றனர். அம்முயற்சி பலமுறை எழுந்தது, பலமுறை வீழ்ந்தது. ஏன் எழுந்தது, ஏன் வீழ்ந்தது என்னும் வினாக்களுக்கு விடை தேடுவோமாயின், பொறியைப்பற்றி மாத்திரமன்றி, பொறி யாருக்காகச் செய்யப்படுகின்றது என்பதைப்பற்றியும் சில உண்மைகளை நாம் அறிந்துகொள்ளலாம்.

கியர் ஏன் வேண்டப்பட்டது

1817 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் மன்ஹைம் நகரத்தில் கார்ல் வொன் டிறைஸ் என்பார் இரு சக்கரங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டி, கால்களால் நிலத்தை உந்திச் செல்லும் வண்டியொன்றை ஓட்டிக் காட்டினார். அதற்கு மிதி இல்லை. 1860களில் பிரான்சிலே முன்சக்கரத்தின் அச்சில் மிதிகள் பொருத்தப்பட்டன. அன்றுமுதல் ஒரு புதிய சிக்கல் தோன்றிற்று. மிதியை ஒருமுறை சுற்றினால் சக்கரமும் ஒருமுறைதான் சுற்றும். ஆதலின் விரைந்து செல்ல விரும்புபவன் பெரிய சக்கரத்தை வைத்துக்கொள்ள வேண்டும். 1870களில் எழுந்த உயர்சக்கர வண்டியின் தோற்றத்துக்குக் காரணம் இதுவே. 54 அங்குல விட்டமுடைய சக்கரம் ஒரு சுற்றில் ஏறக்குறைய 14 அடி செல்லும். ஆயின், அத்தகைய சக்கரத்தின்மேல் ஏறியிருப்பதற்கு நீண்ட கால்களும் நெஞ்சுரமும் வேண்டும். இளைஞரும் வலியரும் ஓட்டினர். முதியோரும் பெண்டிரும் பெரும்பாலும் பார்த்துக்கொண்டு நின்றனர்.

1885 இல் இங்கிலாந்தின் கொவென்றி நகரத்திலே ஜோன் கெம்ப் ஸ்ரார்லி வெளியிட்ட றோவர் வண்டி இந்நிலையை மாற்றியது. மிதி நடுவிலே அமைந்தது. அதன் வலிமையைச் சங்கிலி பின்சக்கரத்துக்குக் கொண்டுசென்றது. முன்னே 48 பற்களும் பின்னே 18 பற்களும் இருப்பின், மிதி ஒருமுறை சுற்றச் சக்கரம் இரண்டே மூன்றில் இரண்டு முறை சுற்றும். எனவே பெரிய சக்கரம் செய்த வேலையைப் பற்களின் கணக்குச் செய்தது. 1888 இல் டன்லொப் காற்றடைத்த ரயரையும் அளித்தபின், துவிச்சக்கரவண்டி வீரரின் ஊர்தி என்னும் நிலையிலிருந்து இறங்கி மக்களின் ஊர்தி ஆயிற்று.

எனினும் ஒரு குறை எஞ்சியிருந்தது. மனிதனுடைய கால், நிமிடத்துக்கு அறுபது முதல் எண்பது சுற்றுவரை சுற்றுகையில்தான் இலகுவாக வேலை செய்கின்றது. சமநிலத்திலே காற்றில்லாதபோது பொருந்துகின்ற பற்கணக்கு, மேட்டிலும் எதிர்காற்றிலும் பொருந்துவதில்லை. நிலமும் காற்றும் மாறினும் கால் ஒரே சீராகச் சுற்றவேண்டுமாயின், பற்கணக்கு மாறவேண்டும். இதுவே கியரின் தேவை. யாழ்ப்பாணத்துச் சமநிலத்தில் வளர்ந்த நமக்கு இது எளிதில் விளங்காது. ஆயினும், சோளகக் காற்று எதிர்த்து வீசும் நாளொன்றிலே பண்ணைப் பாலத்தின்மேல் வண்டியை மிதித்துச் சென்றவர்க்கு விளக்கம் வேண்டுவதில்லை.

வீரரும் எளியரும்

கியர் மாற்றும் முறைகளில் இரண்டு தலைசிறந்தன. ஒன்று, பலவளவான பற்சக்கரங்களை அருகருகே அடுக்கி, சங்கிலியை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளும் முறை. இது பிரான்சிலே வளர்ந்தது. மற்றது, சக்கரத்தின் நடுவிலுள்ள குடத்துக்குள்ளேயே பற்சக்கரங்களை மறைத்துவைக்கும் முறை. இது இங்கிலாந்திலும் ஜேர்மனியிலும் செழித்தது.

குடத்துக்குள் நடைபெறுவது நுட்பமானது. நடுவே அசையாத பற்சக்கரம் ஒன்று. அதனைச் சுற்றி உருளும் சிறு பற்சக்கரங்கள். அவற்றைச் சூழ்ந்து உட்புறம் பல்லுடைய வளையம் ஒன்று. ஞாயிற்றைக் கோள்கள் சுற்றிவருதல் போன்ற இவ்வமைப்பிலே, சிறு பற்சக்கரங்களைத் தாங்கும் கூட்டைச் சங்கிலி சுழற்றினால் வளையம் அதனினும் விரைந்து சுழலும்; வளையத்தைச் சுழற்றினால் கூடு மெதுவாகச் சுழலும். 1936 இல் வெளிவந்த ஸ்ரேமி-ஆர்ச்சர் மூன்று கியர்க் குடத்தில் நடுச்சக்கரத்துக்கு 20 பற்கள், வளையத்துக்கு 60 பற்கள். அதனால் உயர்ந்த கியர் மூன்றிலொரு பங்கு விரைவைக் கூட்டியது. தாழ்ந்த கியர் காற்பங்கைக் குறைத்தது.

இக்குடத்தின் முன்னோடி 1902 ஆம் ஆண்டளவில் நொட்டிங்காம் நகரத்திலே பிராங்க் பௌடன் என்பாரின் ஆதரவில் உருவாயிற்று. நம்மவர் ‘றலி’ எனப் பெருமையோடு அழைத்த வண்டியின் நிறுவனத்தை வளர்த்தவர் அவரே. பௌடன் பந்தய வீரரல்லர். நோயுற்று உடல் நலிந்திருந்த அவரை வண்டி ஓட்டுமாறு வைத்தியர் பணித்தார். அதனால் நலம்பெற்ற அவர், தமக்கு உதவிய வண்டியைச் செய்த சிறு தொழிலகத்தையே வாங்கி வளர்த்தார். கியரின் வரலாற்றில் நோயாளி ஒருவர் இத்துணைப் பெரும்பங்கு வகித்தமை நினைக்கத்தக்கது.

பிரான்சிலே நிலை வேறாயிருந்தது. அங்கே சென்-எற்றியென் நகரத்தவரான போல் டி விவி, ‘வெலோசியோ’ என்னும் புனைபெயரில், கியர் மாற்றத்தின் நன்மைகளைத் தம் வாழ்நாள் முழுவதும் எழுதியும் ஓட்டியும் காட்டினார். 1903 இல் ‘தூர் டி பிரான்ஸ்’ என்னும் பெரும்பந்தயத்தைத் தொடங்கிய ஹென்றி டெகிறாஞ்சோ அதனை ஏளனஞ் செய்தார். கியர் மாற்றம் நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்க்கே உரியது. தசைவலியால் வெல்லுதலே ஆண்மை என்பது அவர் கருத்து. அவ்வயதை அணுகிக்கொண்டிருக்கும் இக்கட்டுரையாளனுக்கு அக்கருத்துச் சிறிது வருத்தந் தருவதே. சங்கிலியைத் தள்ளி மாற்றும் கியருக்கு அப்பந்தயத்தில் 1937 வரை இடமளிக்கப்படவில்லை.

இங்கே ஒரு விந்தை உண்டு. எளியோருக்குரியது என்று இகழப்பட்ட கருவியை 1937 இன் பின் வீரர் தமதாக்கிக்கொண்டனர். அதன்பின் அக்கருவி வீரரின் தேவைக்கேற்பவே வளர்ந்தது. இரண்டு நெம்புகோல்கள், பத்துக் கியர்கள், பின்னர் அதனினும் பல எனப் பெருகிற்று. 1973 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் மாத்திரம் ஏறக்குறைய ஒன்றரைக் கோடி வண்டிகள் விற்பனையாயின. அக்காலத்திலே பெருவிருப்போடு வாங்கப்பட்டவை பத்துக் கியர் வண்டிகள். அவற்றின் நெம்புகோல்களில் நிறுத்தக் குறிகள் இல்லை. சங்கிலி எழுப்பும் ஒலியைக் கேட்டு, கை உணர்வால் இடத்தைக் கண்டுபிடித்து மாற்றவேண்டும். பயின்றவனுக்கு அது இன்பம், பயிலாதவனுக்குத் தொல்லை. மயிற்பொறி ஆயிரக்கணக்கான வீடுகளுக்குள் நுழைந்தது. ஆயின் அதனைத் திருகக் கற்றவர் சிலரே.

தானே மாறும் குடம்

கியரைக் கையிலிருந்து விடுவிக்கும் முயற்சி இதற்கு முன்னரே தொடங்கியிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்-எற்றியென் நகரத்திலே செய்யப்பட்ட ‘இரொந்தெல்’ வண்டிகள் சிலவற்றில், மிதியை முன்னோக்கிச் சுற்றினால் ஒரு கியரும் பின்னோக்கிச் சுற்றினால் தாழ்ந்த கியருமாக வண்டி முன்னேயே சென்றது. மேட்டிலே பின்னோக்கி மிதித்து ஏறும் காட்சி காண்போருக்கு வியப்பளித்திருக்கும். ஜேர்மனியின் சுவைன்பூர்ட் நகரத்தில் 1895 இல் நிறுவப்பட்ட பிக்ரெல்-சாக்ஸ் நிறுவனம் 1960களில் வெளியிட்ட ‘டுவோமற்றிக்’ குடம், மிதியைச் சிறிது பின்னே தட்டினால் கியர் மாறும் அமைப்புடையது. அமெரிக்காவின் பென்டிக்ஸ் நிறுவனமும் அத்தகைய குடத்தை ‘ஒட்டோமற்றிக்’ என்னும் பெயரோடு விற்றது. கைக்கு வேலையில்லை என்பது உண்மையே. ஆயினும் எப்பொழுது மாற்றுவது என்பதை ஓட்டுபவரே முடிவு செய்யவேண்டியிருந்ததால், அது முழுமையான தானியங்கி அன்று.

முழுமையான தானியங்கியாக வந்தது அதே சாக்ஸ் நிறுவனம் 1960களில் வெளியிட்ட ‘டோர்ப்பீடோ ஒட்டோமற்றிக்’ என்னும் இரு கியர்க் குடமாகும். அதன் தத்துவம் பழையது. நீராவி யந்திரத்தின் வேகம் மிகாமற் காத்தற்பொருட்டு ஜேம்ஸ் வாற் 1788 இல் சுழலும் குண்டுகளைப் பயன்படுத்தினார். வேகம் கூடக் குண்டுகள் மைய நீக்க விசையால் வெளியே விரியும், குறையச் சுருங்கும். இதே முறையில், குடத்துக்குள் வில்லால் இழுத்துப் பிடிக்கப்பட்ட சிறு பாரங்கள் வைக்கப்பட்டன. சக்கரம் குறித்த வேகத்தை எட்டியதும் பாரங்கள் வில்லை வென்று விரியும்; விரிந்ததும் உயர்ந்த கியரின் கொக்கி விடுபட்டுப் பல்லில் மாட்டிக்கொள்ளும். வேகம் குறைந்தபின், கால் ஒரு கணம் மிதிப்பதை நிறுத்துமாயின், பழைய கியர் மீண்டும் வரும். கம்பி இல்லை, நெம்புகோல் இல்லை, கைபிடியிலே கியருக்கென ஒன்றுமே இல்லை. சிறு சக்கரமுடைய மடிப்பு வண்டிகள் ஜேர்மனியிலே பெருவழக்காயிருந்த காலம் அது. கடைக்குச் சென்றுவருபவர்க்கு இக்குடம் ஏற்றதாயிருந்தது.

ஆயினும் அது நிலைபெறவில்லை. பல ஆண்டுகளின் பின், சாக்ஸின் துவிச்சக்கரவண்டித் துறையை 1997 இல் வாங்கிய அமெரிக்க நிறுவனமாகிய ஸ்ராம், 2010களின் தொடக்கத்திலே ‘ஒட்டோமற்றிக்ஸ்’ என்னும் பெயரோடு அதே எண்ணத்தை மீண்டும் உயிர்ப்பித்தது. கீழ்க் கியர் ஒன்றுக்கு ஒன்று. மேற்கியர் அதனினும் நூற்றுக்கு 37 பங்கு அதிகம். அதுவும் சில ஆண்டுகள் விற்பனையாகிப் பின் நிறுத்தப்பட்டது.

இடையே, 1990களிலும் அதன்பின்னும், அமெரிக்காவில் வேறொரு வகை தோன்றிற்று. ‘ஒட்டோபைக்’, ‘லான்ட்றைடர்’ என்னும் வண்டிகளில் பின்சக்கரத்தின் ஆரக்கால்களிலே பாரங்கள் பூட்டப்பட்டன. சக்கரம் விரைய அவை வெளியே நகர்ந்து, சங்கிலியை ஒரு பற்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளின. தொலைக்காட்சி விளம்பரங்கள் மூலம், நெடுங்காலம் வண்டியைத் தொடாத நடுவயதினரையும் முதியோரையும் நோக்கி அவை விற்கப்பட்டன. ஆனால் சங்கிலி நகரவேண்டுமாயின் மிதி சுழன்றுகொண்டிருக்கவேண்டும் என்பது இம்முறையின் இயற்கை. விரைந்து வந்தவர் மிதிக்காமலே திடீரெனப் பிரேக் பிடித்து நின்றால், சங்கிலி உயர்ந்த கியரிலேயே நின்றுவிடும்; மீண்டும் புறப்படுகையில் கால் நோகும்.

பொறி எதனை அளந்தது?

இவை ஏன் வீழ்ந்தன? விலை, பாரம், விளம்பரம் எனப் பல காரணங்கள் உண்டு. ஆயின் அவற்றின் அடியில் ஒரு காரணம் கிடப்பதாகத் தோன்றுகின்றது. இப்பொறிகள் யாவும் சக்கரத்தின் வேகத்தை அளந்தன. ஓட்டுபவரின் வருத்தத்தை அளக்கவில்லை.

இதனை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். குடத்தின் வில், மணிக்கு 18 கிலோமீற்றர் வேகத்தில் கியர் மாறுமாறு தொழிற்சாலையிலே அமைக்கப்பட்டிருக்கின்றது என வைத்துக்கொள்வோம். எழுபது வயது மூதாட்டி ஒருவர் அவ்வேகத்தை ஒருநாளும் எட்டமாட்டார்; ஆதலின் அவருக்கு இரண்டாம் கியர் இருந்தும் இல்லாததே. வலிய இளைஞன் ஒருவன், மேடொன்றை ஒரே மூச்சில் ஏறிவிட எண்ணி எழுந்து நின்று மிதிக்கின்றான். வேகம் 18 ஐத் தொட்டதும், வேண்டாத இடத்திலே கியர் உயர்ந்து அவன் காலைத் திடுக்கிடச் செய்கின்றது. மூதாட்டிக்கும் இளைஞனுக்கும் பொறி ஒரே சட்டத்தை விதித்தது. அச்சட்டத்தை மாற்றவேண்டுமாயின் குடத்தைத் திறந்து வில்லைத் திருத்தவேண்டும். சாதாரண ஓட்டுபவரால் ஆகக்கூடியதன்று. எளியோருக்கென்று செய்யப்பட்ட வண்டி, எளியோர் யாவரும் ஒரே தன்மையினர் என்று கருதிவிட்டது. புட்பகம்போல வெளியே தோன்றினும், ஏறியிருப்பவரின் உள்ளத்தை அது அறியவில்லை.

ஓட்டாதவரைக் கேட்டமை

இந்த நிலையில்தான் குறிப்பிடத்தக்க ஒரு முயற்சி நிகழ்ந்தது. யப்பானின் சாக்காய் நகரத்தில் 1921 இல் தொடங்கிய ஷிமானோ நிறுவனத்தின் முதற் பொருள், மிதிக்காதபோதும் சக்கரம் சுழன்றுகொண்டிருக்க இடந்தரும் பிறீவீல். பிற்காலத்திலே பந்தய வண்டிகளின் உறுப்புக்களால் உலகப்புகழ் பெற்ற அந்நிறுவனம், இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், அமெரிக்காவில் தன் விற்பனை வளராதிருத்தலைக் கண்டது. கலிபோர்னியாவின் ஐடியோ என்னும் வடிவமைப்பு நிறுவனத்தோடு சேர்ந்து அது ஆராய்ந்தபோது வினாவையே மாற்றிக்கொண்டது. ஓட்டுபவர் எதனை விரும்புகின்றனர் என்று கேளாமல், வளர்ந்தோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஏன் ஓட்டுவதில்லை என்று கேட்டது.

கிடைத்த விடைகள் எண்ணிப்பார்க்கத்தக்கன. ஏறக்குறைய எல்லோருக்கும் சிறுவயதில் வண்டி ஓட்டிய இனிய நினைவு இருந்தது. ஆனால் இப்போது கடைக்குள் நுழைந்தால், பந்தய உடை தரித்த இளைஞர் முன்னே நின்று பேச அச்சமாயிருக்கின்றது, வண்டிகளின் சிக்கலும் விலையும் மயக்கந் தருகின்றன, வீதி ஆபத்தானது, வாரத்தில் ஒருநாள் ஓட்டும் வண்டியைப் பேணுவது சுமையாகின்றது. இக்காரணங்களுள் கியர் ஒரு பகுதியே என்பதைக் கவனிக்கவேண்டும்.

அதன் விளைவாக 2007 இல் ‘கோஸ்ரிங்’ என்னும் பெயரோடு வண்டிகள் வெளிவந்தன. மிதிக்காமல் உருண்டு செல்லுதலே அப்பெயரின் பொருள். பிறீவீலில் தொடங்கிய நிறுவனம் அப்பெயரைத் தேர்ந்தது பொருத்தமே. ரெக், ஜயன்ற், றலியின் அமெரிக்கக் கிளை ஆகியன முதலிலே அவற்றைச் செய்தன. முன்சக்கரக் குடத்திலிருந்த டைனமோ மின்னைப் பிறப்பித்தது. சிறு கணிப்பான் ஒன்று வேகத்தை அறிந்து பின்குடத்தின் மூன்று கியர்களையும் மாற்றிற்று. மிதியைப் பின்னே அழுத்தினால் வண்டி நின்றது. மின்கலம் வைத்து ஏற்றவேண்டியதில்லை. பிற நிறுவனங்களும் விரைவில் இதனைப் பின்பற்றின. வடிவமைப்பு நூல்கள் இதனைப் போற்றின. ஆயினும் சில ஆண்டுகளுள் அவ்வண்டிகள் கடைகளிலிருந்து மறைந்தன.

நல்ல வினாவைக் கேட்ட முயற்சி ஏன் தோற்றது? வண்டியின் சிக்கலை நீக்கினர். ஆயின் கடையும் வீதியும் பெரும்பாலும் முன்போலவே இருந்தன. அச்சந்தரும் கடையும் ஆபத்தான வீதியும் மாறாதிருக்க, கியர் மாத்திரம் தானே மாறுவதால் பெரும்பயன் விளையாதன்றோ? 2008 இன் பொருளாதார நெருக்கடியும் அவ்வேளையில் வந்து சேர்ந்தது. எனினும், இவ்வண்டியின் கணிப்பானும் சக்கரத்தின் வேகத்தையே அளந்தது என்பதை மறத்தலாகாது.

சக்கரத்திலிருந்து காலுக்கு

அளவுகோல் மாறியது அதன் பின்னரே. அமெரிக்காவின் போல்புறூக் நிறுவனம் வெளியிட்ட ‘நூவின்சி’ குடத்திலே பற்களுக்குப் பதிலாக உருண்டைகள் இருந்தன. இரு தட்டுகளின் இடையே அவை சாயச் சாய, படியேதுமின்றிக் கியர் வழுவிச் சென்றது. லியனார்டோ டா வின்சியின் பெயரை நினைவூட்டும் இக்குடம் இன்று ‘என்வியோலோ’ என வழங்குகின்றது. இதன் தானியங்கி வகையிலே, தம் கால் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றவேண்டும் என்பதை ஓட்டுபவரே தெரிவித்துவிடலாம். மேடோ காற்றோ எது வரினும் அச்சுற்று மாறாதவாறு பொறி கியரை மாற்றிக்கொள்ளும். மூதாட்டி ஐம்பது என்பார். இளைஞன் எண்பது என்பான். இருவருக்கும் பொறி பணியும். மின்மோட்டர் பூட்டிய வண்டிகளிலே கால் மிதிக்கும் வலிமையையும் உணரும் கருவிகள் உண்டு. 2025 இல் ஷிமானோ அறிமுகஞ்செய்த ‘கியூ-ஒட்டோ’ என்னும் அமைப்பு, மோட்டர் இல்லாத சாதாரண வண்டிக்கானது. பின்குடத்தின் டைனமோவாலே மின்பெற்று, ஓட்டுபவர் இடையிலே தாமாக மாற்றும் கியர்களைக் கவனித்து அவர் பழக்கத்தைக் கற்றுக்கொள்ளுமாறு அமைக்கப்பட்டது.

இவ்வாறு, பொறி முதலிற் சக்கரத்தை அளந்தது. பின் காலின் சுற்றை அளந்தது. பின் காலின் வலிமையை அளந்தது. இப்போது ஓட்டுபவரின் வழக்கத்தையே அளக்கப் புகுந்திருக்கின்றது. மயிற்பொறி புட்பகத்தை நெருங்குகின்றது எனலாம்.

எளிமை இரண்டு

ஆயினும் இங்கே மகிழ்ச்சியோடு கட்டுரையை முடித்துவிடல் தகாது. எளிமை என்பது இருவகைப்படும். ஓட்டுவதிலே எளிமை ஒன்று. திருத்துவதிலே எளிமை மற்றொன்று. முன்னது வளர வளரப் பின்னது குறைந்து வருதலை இவ்வரலாறு காட்டுகின்றது. றோவர் வழிவந்த ஒற்றைக் கியர் வண்டியைச் சுத்தியலும் குறடும் கொண்டு திருத்தலாம். ஸ்ரேமி-ஆர்ச்சர் குடத்துக்குக் கைத்திறமை வேண்டும். கணிப்பானும் மோட்டரும் உள்ள குடம் பழுதாயின், அதனைச் செய்த நிறுவனத்தையன்றி வேறு புகலிடமில்லை. அந்நிறுவனமும் அப்பொருளைக் கைவிட்டுவிடின் அதுவும் இல்லை. ‘கோஸ்ரிங்’ வண்டியை வாங்கியவர் பலர் எய்திய நிலை இதுவே.

இவ்வேறுபாட்டின் பொருளை யாழ்ப்பாணத்தார் நூல்களிலிருந்து கற்கவில்லை. 1990களிலே எரிபொருள் தடைப்பட்டபோது, குடாநாட்டின் வாழ்வு துவிச்சக்கரவண்டியின் மேலேயே நடந்தது. விறகும் நெல்லும் நோயாளரும் அதன்மேற் சென்றனர். மின்சாரம் இல்லாத அவ்விரவுகளில், வண்டியைத் தலைகீழாக நிறுத்தி மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவின் மின்னாலே வானொலிச் செய்தி கேட்டோம். ‘கோஸ்ரிங்’ வண்டியின் கணிப்பானை இயக்கியதும் டைனமோவே; நம் வானொலியை இயக்கியதும் டைனமோவே. அங்கே அது வசதிக்கு. இங்கே அது பிழைப்புக்கு. அன்று நம் வண்டிகள் நின்றுவிடாதிருந்தமைக்குக் காரணம், அவற்றுள் மறைவானது யாதும் இல்லாமையே. ஒவ்வொரு சந்தியிலும் இருந்த சைக்கிள் கடைக்காரர், பழைய வண்டியின் உறுப்பை எடுத்துப் புதிய வண்டிக்கு இட்டார். இல்லாததைத் தாமே செய்தார். தானே கியர் மாற்றும் வண்டிகள் அன்று நம்மிடம் இருந்திருப்பின், அவற்றுள் எத்தனை ஓராண்டின் பின்னும் ஓடியிருக்கும்?

இதனாற் புதுமையை வேண்டாமென்று கூறுகின்றோம் அல்லோம். முழங்கால் நோவுற்ற முதியவரும், வண்டி பழகாத நடுவயதினரும், நெம்புகோலைக் கண்டு மருளும் சிறுவரும் சோளகத்தை எதிர்த்துச் செல்ல ஒரு பொறி துணைபுரியுமாயின் அது நன்றே. ஆயின், எளியோருக்கென்று ஒன்றைச் செய்பவர் இரண்டு வினாக்களைக் கேட்டல் வேண்டும். இப்பொறி எதனை அளக்கின்றது, தன் வேகத்தையா, மனிதனின் வருத்தத்தையா? இது பழுதுறின் அம்மனிதன் எங்கே செல்வான்? முதல் வினாவைக் கேளாமையாற் பாரங்களும் விற்களும் உள்ள குடங்கள் தோற்றன. இரண்டாம் வினாவுக்கு இன்றைய நுண்பொறிகள் இனித்தான் விடைகூற வேண்டும்.

ஆசிரியத் தொழிலில் உள்ளோர்க்கு இவ்வரலாறு வேறொன்றையும் நினைவூட்டுகின்றது. பாடத்திட்டம் என்னும் சக்கரம் குறித்த வேகத்தை எட்டியதும், வகுப்பிலுள்ள அனைவருக்கும் ஒருசேரக் கியரை மாற்றிவிடும் ஆசிரியரும் ஒருவகைத் தானியங்கிக் குடமே. அவருடைய வில் என்றோ ஒருநாள் எங்கேயோ அமைக்கப்பட்டது. முன்வரிசை மாணவனின் கால் அதனைத் தாங்கும். பின்வரிசை மாணவனின் கால் தாங்காது. சக்கரம் எத்துணை விரைந்து சுழல்கின்றது என்பதைக் காட்டிலும், மிதிக்கின்ற கால் எத்துணை வருந்துகின்றது என்பதை அறிவதே அரிது. பொறி செய்தோர் அதனை உணர்தற்குச் செலவிட்ட ஆண்டுகள் பல. நமக்கு அத்துணைக் காலம் வேண்டுவதில்லை. மாணவனின் முகத்தைப் பார்த்தால் போதும்.